தடம் பதியும் முன்: திண்டுக்கல் சமவெளியில் ஒரு கட்டணச் சாலையை எடைபோடுவது எப்படி?

மேற்கிலும் தென்மேற்கிலும் பழனிமலைத் தொடரும், கிழக்கில் சிறுமலையும் நெருங்கி நிற்க, அவற்றுக்கு நடுவே திறந்து கிடக்கும் நிலமே திண்டுக்கல் சமவெளி. மதுரையிலிருந்து கொங்கு நாட்டுக்கும், திருச்சியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கும் செல்லும் வழிகள் இந்த இடைவெளியில் வந்து கூடுவதால்தான் மதுரை நாயக்கர்கள் இங்குள்ள ஒற்றைப் பாறையின் மேல் கோட்டை எழுப்பினர். 18ஆம் நூற்றாண்டில் ஹைதர் அலியும், பின்னர் ஆங்கிலேயரும் அந்தக் கோட்டையைக் குறிவைத்தனர். கோட்டையின் பயன் முடிந்து நெடுங்காலம் ஆனாலும் இடைவெளியின் பயன் முடியவில்லை. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கோயம்புத்தூரையும் நாகப்பட்டினத்தையும் இணைக்கும் 83ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தேனி, குமுளி வழியாகக் கேரளத்துக்குள் நுழையும் 183ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஆகிய மூன்றும் இன்று இந்தச் சமவெளியில்தான் சந்திக்கின்றன.

சந்திப்பு ஊர் என்பதால் சுங்கச்சாவடிகளும் இந்த ஊரைச் சூழ்ந்துள்ளன. மதுரைப் பக்கம் கொடைரோடு, கரூர்ப் பக்கம் வேலஞ்செட்டியூர், திருச்சிப் பக்கம் பொன்னம்பலப்பட்டி என மூன்று திசைகளிலும் கட்டணம் செலுத்தியே நான்கு வழிச்சாலையில் செல்ல முடிகிறது. நான்காவது திசையான மேற்கில், பொள்ளாச்சியிலிருந்து மடத்துக்குளம், ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் அருகிலுள்ள கமலாபுரம் வரை ஏறத்தாழ 132 கி.மீ. நீளத்துக்கு நான்கு வழிச்சாலை அமைக்கும் திட்டத்தைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் பாரத்மாலா திட்டத்தின்கீழ் மூன்று தொகுப்புகளாகப் பிரித்து எடுத்துக்கொண்டது. இத்தகைய சாலை ஒன்று முன்மொழியப்படும்போது அது தேவைதானா, செலவைத் திரும்பத் தருமா, நிலத்துக்கும் நீருக்கும் உயிர்களுக்கும் என்ன செய்யும் என்பவை எப்படி மதிப்பிடப்படுகின்றன என்பதை, சாலையில் செல்பவரும் சாலைக்கு நிலம் கொடுப்பவரும் அறிந்திருப்பது நல்லது.

இரண்டு அறிக்கைகள், ஒரே சாலை

பெரிய சாலைத் திட்டம் ஒன்றுக்கு இரண்டு அடிப்படை ஆவணங்கள் தயாராகின்றன. முதலாவது சாத்தியக்கூறு அறிக்கை: எத்தனை வண்டிகள் வரும், எத்தனை வழிகள் தேவை, எந்தத் தடத்தில் அமைக்கலாம், எவ்வளவு செலவாகும், அது திரும்பக் கிடைக்குமா என்ற கேள்விகளுக்கு அது விடை தேடுகிறது. அந்த அறிக்கையை விரிவாக்கி, ஒவ்வொரு பாலத்தின் அளவும் ஒவ்வொரு சர்வே எண்ணும் இடம்பெறும்படி எழுதப்படுவது விரிவான திட்ட அறிக்கை. இரண்டாவது ஆவணம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு: காற்று, ஒலி, நிலத்தடி நீர், மேற்பரப்பு நீர், மரங்கள், வனவிலங்குகள், மக்களின் வாழ்வாதாரம் ஆகியவற்றின் இன்றைய நிலையை அளந்து, சாலை வந்தபின் அவை எப்படி மாறும், அந்த மாற்றத்தை எப்படிக் குறைக்கலாம் என்று அது கூறுகிறது.

இரண்டும் ஒரே சாலையைப் பற்றியவை என்றாலும் நடைமுறையில் ஒன்றன்பின் ஒன்றாகவே வருகின்றன. சாத்தியக்கூறு அறிக்கையில் தடம் முடிவாகி, நிலமெடுப்புக்கான வேலைகள் தொடங்கிய பின்னர் சுற்றுச்சூழல் அறிக்கை வருமானால், மரத்தை வெட்டியபின் எத்தனை கன்றுகள் நடுவது என்பதைத்தான் அது சொல்ல முடியும். மரத்தைத் தவிர்த்துச் செல்லும் தடம் எது என்பதைச் சொல்ல முடியாது. மேலும், இரண்டு அறிக்கைகளையும் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்குப் பணம் கொடுப்பது திட்டத்தை முன்மொழியும் அமைப்பே. அதனாலேயே அறிக்கைகள் பொய்யாகிவிடுவதில்லை; ஆனால் அவற்றை வெளியிலிருந்து ஒருவர் கேள்விகளோடு படிக்க வேண்டிய தேவை அதனால் கூடுகிறது.

வண்டிகளை எண்ணும் முறை

சாத்தியக்கூறு ஆய்வு சாலையோரத்தில் உட்கார்ந்து வண்டிகளை எண்ணுவதில் தொடங்குகிறது. தேர்ந்தெடுத்த இடங்களில் இரவும் பகலுமாக ஏழு நாட்கள் நடக்கும் இந்தக் கணக்கெடுப்பில் பலவகை வண்டிகளையும் ஓர் அளவுக்குள் கொண்டுவர, ‘பயணியர் கார் அலகு’ என்ற முறையை இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ளது. அதன்படி ஒரு கார் 1 அலகு, இருசக்கர வாகனம் அரை அலகு, பேருந்தும் லாரியும் தலா 3 அலகுகள், டிரெய்லர் பூட்டிய டிராக்டர் 4.5 அலகுகள், மாட்டுவண்டி 8 அலகுகள். மெதுவாகச் சென்று பின்வருவோரைத் தடுப்பதால் மாட்டுவண்டிக்கு லாரியைவிடப் பெரிய எண் கிடைக்கிறது. சமவெளியில் இருவழிச்சாலை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 15,000 அலகுகளையும், நான்கு வழிச்சாலை 35,000 முதல் 40,000 அலகுகளையும் இடைஞ்சலின்றித் தாங்கும் என்பது அந்த அமைப்பின் பழைய கணக்கு. எண்ணிக்கை முதல் எல்லையைத் தாண்டும்போதுதான் நான்கு வழி வேண்டும் என்ற வாதம் வலுப்பெறுகிறது.

திண்டுக்கல்–பழனிச் சாலையை இந்த முறையில் எண்ண முனைந்தால் அதன் வலுவும் குறையும் சேர்ந்தே தெரியவரும். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து கேரளத்துக்குச் செல்லும் லாரிகள், நிலக்கோட்டைப் பூக்களை ஏற்றிவரும் வேன்கள், வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளின் சரக்கு வண்டிகள் ஆகியவற்றுக்கு நேரமே பணம் என்பதால், அவற்றின் பயண நேரம் குறைவது உண்மையான பொருளாதார ஆதாயம். ஆனால் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் முந்தைய நாட்களில் இதே சாலையின் ஓரம் முழுவதையும் காவடியோடும் கைத்தடியோடும் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் நிறைத்துவிடுகின்றனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் குன்றக்குடி, நத்தம், திண்டுக்கல் வழியாக நடந்துவரும் மரபு பல தலைமுறைகளைக் கண்டது. பயணியர் கார் அலகுப் பட்டியலில் நடந்து செல்பவருக்கு எண் கிடையாது. அவரைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும். ஏழு நாள் கணக்கெடுப்பு ஆடியிலோ ஆவணியிலோ நடந்தால், ஆண்டில் சில வாரங்கள் இந்தச் சாலையின் முதன்மைப் பயனாளியாக இருப்பவர் அந்த ஏடுகளில் இல்லாமலேயே போய்விடுவார். அப்படி விடுபடுபவருக்கு நடைபாதையும் கிடைக்காது. நடுத்தடுப்பைக் கடக்க வழியும் இருக்காது.

எண்ணிக்கை எடுப்பதோடு, வண்டி எங்கிருந்து புறப்பட்டு எங்கே செல்கிறது என்று ஓட்டுநரிடம் கேட்கும் புறப்பாடு–சேரிட ஆய்வும், சக்கர அச்சின் மீது இறங்கும் எடையை அளக்கும் அச்சுச்சுமை ஆய்வும் நடக்கின்றன. பின்னதற்கு 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த ஒரு பெரிய சோதனை அடிப்படையாக அமைந்தது: அச்சின் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் தேய்மானம் ஏறத்தாழ 16 மடங்காகிறது என்பது அதில் கண்டறியப்பட்டது. அளவுக்கு மீறி கல்லும் மணலும் ஏற்றிச் செல்லும் ஒரு லாரி, நூற்றுக்கணக்கான கார்களைவிட அதிகமாகச் சாலையைக் கெடுப்பதற்கு இதுவே காரணம்.

பணக் கணக்கும் அதன் சறுக்கல்களும்

ஒரு சாலை நாட்டுக்கு லாபமா என்பதும், அதைக் கட்டுபவருக்கு லாபமா என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு விடையாகக் கணக்கிடப்படுவது பொருளாதார வருவாய் விகிதம். மிச்சமாகும் பயண நேரம், எரிபொருள், குறையும் விபத்துகள் ஆகியவற்றுக்கு ரூபாய் மதிப்பிட்டு, சாலையின் செலவோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு ஆதாயம் வருகிறது என்பதை அது காட்டுகிறது. இந்தியாவில் இது 12 விழுக்காட்டைத் தாண்டினால் திட்டம் ஏற்கத்தக்கது என்று கொள்வது வழக்கம். இரண்டாவது கேள்விக்குரியது நிதி வருவாய் விகிதம். இதில் சுங்கச்சாவடியில் உண்மையாகவே வசூலாகும் பணம் மட்டுமே வரவாகும்.

இந்த வேறுபாடு திண்டுக்கல் போன்ற பகுதியில் மிகப் பெரியது. 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி இருசக்கர வாகனங்களுக்கும் டிராக்டர்களுக்கும் மூன்று சக்கர வாகனங்களுக்கும் கட்டணம் இல்லை. ஊர்களுக்கு இடையே பெரும்பாலோர் இருசக்கர வாகனத்தில் செல்லும் சாலையில், நெரிசலைக் காட்டி நான்கு வழி கேட்கும் எண்ணிக்கையில் அவர்கள் இடம்பெறுவார்கள். கட்டண வரவில் இடம்பெற மாட்டார்கள். எனவே மொத்தப் போக்குவரத்தையும் கட்டணம் செலுத்தும் போக்குவரத்தையும் பிரித்துக் காட்டாத அறிக்கையை நம்பிக் கடன் கொடுக்கும் வங்கி பின்னர் வருந்த நேரிடும்.

கட்டணம் எப்படி வளர்கிறது என்பதையும் அறிந்துகொள்ளலாம். மேற்கண்ட விதிகள் 2007–08ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு, நான்கு வழிச்சாலையில் கி.மீ. ஒன்றுக்குக் காருக்கு 65 காசு, பேருந்துக்கும் இரண்டு அச்சு லாரிக்கும் ரூ. 2.20 என நிர்ணயித்தன. இந்த அடிப்படை விகிதம் கூட்டு வட்டி முறையில்லாமல் ஆண்டுதோறும் 3 விழுக்காடு உயரும். அதன்மீது மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 விழுக்காடும் சேரும். 60 கி.மீ. நீளத்துக்கு அன்று ரூ. 39 ஆக இருந்த காரின் அடிப்படைக் கட்டணம், 3 விழுக்காட்டு உயர்வால் மட்டுமே 2025–26இல் ரூ. 60 ஆகிவிடும், விலைவாசிச் சேர்க்கை அதற்கு மேல். பாலங்களுக்கும் புறவழிச்சாலைகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. ஆண்டுதோறும் கட்டணம் உயரும்போது எழும் எதிர்ப்பு திடீரென்று வருவதாகத் தோன்றினாலும், அந்த உயர்வு சாலை அமையும் நாளிலேயே எழுதப்பட்டுவிட்ட ஒன்று.

வண்டி எண்ணிக்கையைப் பற்றிய எதிர்காலக் கணிப்புகள் உலகெங்கும் சறுக்கியிருக்கின்றன. டென்மார்க் நாட்டு அறிஞர் பென்ட் ஃப்ளிவ்பியாவும் அவருடைய குழுவினரும் 14 நாடுகளின் 210 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், சாலைத் திட்டங்களில் பாதியளவில் கணிப்புக்கும் உண்மைக்கும் 20 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் திறக்கப்பட்ட கிராஸ் சிட்டி சுரங்கச்சாலையில் நாளொன்றுக்கு 90,000 வண்டிகள் செல்லும் என்று கணித்திருந்தனர். வந்தவை அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே என்பதால் அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் கடன்கொடுத்தோர் கைக்குப் போனது. கட்டணத்தைத் தவிர்க்கும் ஓட்டுநர் இலவசமான பழைய வழியைத் தேடுவார் என்பதைக் கணித்தவர்கள் குறைத்து மதிப்பிட்டதே இத்தகைய சறுக்கல்களின் பொதுவான காரணம். அப்படித் தவிர்க்கும் லாரிகள் நுழையும் ஊர்ச்சாலையின் தேய்மானமும் தூசியும் விபத்தும் எந்த அறிக்கையின் கணக்கில் வர வேண்டும் என்பது பொருளாதாரத்தையும் சுற்றுச்சூழலையும் இணைக்கும் கேள்வி.

நீர் ஓடும் திசையும் சாலை ஓடும் திசையும்

திண்டுக்கல் சமவெளியின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் முதலில் பார்க்க வேண்டியது நிலத்தின் சரிவு. பழனிமலையின் வடசரிவிலிருந்து இறங்கும் நங்காஞ்சியாறு, நல்லதங்காள் ஓடை, குடகனாறு ஆகியவை எல்லாம் வடக்கு நோக்கி ஓடி அமராவதியைச் சேர்பவை. ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தைத் தாண்டிவரும் குடகனாறு, சிறுமலையிலிருந்து வரும் சந்தனவர்த்தினியையும் சேர்த்துக்கொண்டு வேடசந்தூர் வழியாகக் கரூர் மாவட்டத்துக்குள் செல்கிறது. வடக்கு தெற்காகச் செல்லும் கரூர் சாலை பெரும்பாலும் இந்த ஓட்டத்தின் போக்கிலேயே செல்கிறது. கிழக்கு மேற்காகச் செல்லும் ஒட்டன்சத்திரம் சாலையோ அதைக் குறுக்கே வெட்டுகிறது. ஒரு சாலையின் மேடு மற்றொன்றின் மேட்டைப் போன்றதே என்றாலும், குறுக்கே வரும் மேடு தண்ணீருக்கு ஒரு நீண்ட கரையாகிவிடுகிறது.

மழைமறைவுப் பகுதியான இந்த நிலத்தில் கண்மாய்களும் குளங்களும் வடகிழக்குப் பருவமழையின் சில நாள் பெருமழையை நம்பியே நிறைகின்றன. மலையடிவாரத்தில் விழும் மழை பெயரில்லாத சிற்றோடைகளாகவும் வரத்து வாய்க்கால்களாகவும் குளத்தைச் சேர்கிறது. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும். சாலையின் மேட்டில் போதிய சிறுபாலங்கள் இல்லையென்றால், அல்லது இருந்தும் அவை வாய்க்காலின் மட்டத்துக்கு மேலே அமைந்துவிட்டால், மேற்புறத்து வயல் மூழ்கும்; கீழ்ப்புறத்துக் குளம் காயும். அருவிபோல் வரும் வெள்ளத்துக்கு 50 அல்லது 100 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய அளவைக் கணக்கிட்டுப் பெரிய பாலங்களை வடிவமைப்பது வழக்கம். ஆனால் வருவாய்த்துறை வரைபடத்தில் மெல்லிய கோடாக மட்டுமே இருக்கும், ஆண்டில் பத்து நாள் ஓடும் வாய்க்காலைக் கண்டுபிடிக்க வரைபடம் போதாது, ஊர் நீர்ப்பாய்ச்சியைத்தான் கேட்க வேண்டும்.

மேட்டுக்குரிய மண் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. 25 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும், இருபுறமும் சரிவும் கொண்ட சாலை மேட்டுக்கு ஒரு கி.மீ. நீளத்துக்கு ஏறத்தாழ 58,000 கன மீட்டர் மண் வேண்டும். லாரிக்காரர்களின் கணக்கில் இது 20,000 யூனிட்டுக்கு மேல். நான்கு யூனிட் ஏற்றும் டிப்பர் ஒன்று 5,000 நடைக்கு மேல் அடிக்க வேண்டும். இந்தக் கிராவலை எந்தக் குளத்தில், எவ்வளவு ஆழத்துக்கு எடுப்பார்கள் என்று அறிக்கையில் தெளிவாக இருந்தால், வண்டல் தூர்ந்த குளம் ஆழமாகிச் சாலையும் ஊரும் ஒருசேரப் பயன்பெறலாம். இல்லையென்றால் குளத்தின் ஒரு மூலையில் மட்டும் பள்ளம் விழுந்து, மடைக்குக் கீழே தண்ணீர் தேங்கி, பாசனத்துக்கு உதவாமல் போகும்.

நிழலும் விதானமும்

60 மீட்டர் அகலத்துக்கு நிலம் எடுத்தால் கி.மீ. ஒன்றுக்கு 6 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 15 ஏக்கர் போகிறது. கிணற்றுக்கும் தென்னைக்கும் தனித்தனியே இழப்பீடு உண்டு. ஆனால் கிணறு சாலையின் ஒருபுறமும் காடு மறுபுறமுமாகப் பிரிந்துபோன விவசாயி, நடுத்தடுப்பில் திறப்பு இருக்கும் இடம்வரை சென்று சுற்றிவருவதற்கு ஆண்டுக்காண்டு செலவிடும் நேரத்துக்கு இழப்பீடு கிடையாது. சாலையோரப் புளியமரங்களின் நிலையும் அப்படித்தான். ஆண்டுதோறும் காய்ப்பு ஏலம் விடப்பட்டு அரசுக்கு வருமானம் தந்த அந்த மரங்கள், விரிவாக்கத்துக்காக வெட்டப்படும்போது விறகு விலைக்கு மதிப்பிடப்படுகின்றன. 2015ஆம் ஆண்டின் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை திட்டச் செலவில் 1 விழுக்காட்டை மரம் வளர்ப்புக்கு ஒதுக்கச் சொல்கிறது. நடுத்தடுப்பில் நடப்படும் அரளிச்செடி, போன புளியமரத்தின் நிழலைத் தராது என்பது நடந்து செல்பவருக்குத் தெரியும்.

மரங்களின் விதானம், அதாவது கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மேலே அமைக்கும் கூரை, ஓர் உயிருக்குப் பாதையாகவே இருக்கிறது. திருச்சி–திண்டுக்கல் சாலையிலுள்ள அய்யலூரைச் சூழ்ந்த புதர்க்காடுகள் தேவாங்குகளின் வாழிடம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பை 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்று நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் அது. இரவில் மட்டுமே நடமாடி, பூச்சிகளைப் பிடித்துத் தின்று, கிளைவிட்டுக் கிளை மெதுவாக நகரும் இந்தச் சிறு விலங்கு தரையில் இறங்கினால் நாய்க்கும் வண்டிக்கும் தப்புவது அரிது. இருவழிச்சாலையின் இருபுறத்து மரங்களும் மேலே தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் நான்கு வழி வரும்போது அதன் உலகம் இரண்டாகிறது. எத்தனை மரங்கள் வெட்டப்படும் என்ற எண்ணிக்கையை மட்டும் தரும் அறிக்கை இந்தப் பிரிவினையைக் காட்டாது. எந்த இரண்டு மரங்களின் கிளைகள் தொட்டுக்கொள்கின்றன என்று பார்த்தால்தான் அது தெரியும்.

இதற்குத் தீர்வுகள் இல்லாமல் இல்லை. வால்பாறையில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மரங்களுக்கிடையே கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டுள்ளன. திண்டுக்கல்லைத் தொட்டுச் செல்லும் அதே 44ஆம் எண் நெடுஞ்சாலை, மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் ஓரமாகச் செல்லும் பகுதியில் விலங்குகளுக்காக 9 கீழ்வழிப் பாலங்களோடு கட்டப்பட்டது. புலி உள்ளிட்ட 18 வகை விலங்குகள் அவற்றைப் பயன்படுத்துவதை இந்திய வனவிலங்கு நிறுவனம் கேமராக்கள் வைத்துப் பதிவு செய்தது. அங்கும் அந்தப் பாலங்கள் நீண்ட வழக்குகளுக்குப் பின்னரே வந்தன.

சட்டத்தின் அளவுகோல்

எல்லாச் சாலைகளுக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்று பலர் எண்ணுகின்றனர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான அறிவிக்கையின்படி புதிய தேசிய நெடுஞ்சாலைக்கு முன் அனுமதி வேண்டும். இருக்கும் சாலையை விரிவாக்குவதற்கான வரம்பு 2013இல் தளர்த்தப்பட்டது: விரிவாக்கம் 100 கி.மீ.க்கு மேல் இருந்து, பழைய தடத்தில் 40 மீட்டருக்கும், புறவழிகளிலும் மாற்றுத்தடங்களிலும் 60 மீட்டருக்கும் மேல் கூடுதல் நிலம் எடுக்கப்பட்டால் மட்டுமே அனுமதி தேவை. பொள்ளாச்சி–கமலாபுரம் சாலையை மொத்தமாகப் பார்த்தால் 132 கி.மீ.; தொகுப்பு தொகுப்பாகப் பார்த்தால் எதுவும் 100 கி.மீ.யைத் தொடாது. நீளத்தை எப்படி அளப்பது என்பதே இங்கு முடிவைத் தீர்மானிக்கக்கூடிய கேள்வியாகிறது.

இந்தக் கேள்வி விழுப்புரம்–நாகப்பட்டினம் நெடுஞ்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஏறத்தாழ 180 கி.மீ. நீளமுள்ள அந்தத் திட்டம் நான்கு தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்றது. 2021 ஜனவரி 19 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நில அளவு வரம்பைத் தாண்டாததால் அந்தத் திட்டத்துக்கு அனுமதி தேவையில்லை என்றாலும், 100 கி.மீ.க்கு மேற்பட்ட திட்டங்களைத் துண்டாக்கி அனுமதியைத் தவிர்க்க முடியுமா என்பதை ஆராய நிபுணர் குழு அமைக்குமாறு சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது.

தடம் முடிவாகும் காலத்துக்கும் அனுமதி பெறும் காலத்துக்கும் இடையிலான சிக்கலை 2018இல் அறிவிக்கப்பட்ட சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை தெளிவாகக் காட்டியது. ஏறத்தாழ 277 கி.மீ. நீளத்துக்கு ரூ. 10,000 கோடி மதிப்பில் திட்டமிடப்பட்ட அந்தச் சாலைக்காக வெளியிடப்பட்ட நிலமெடுப்பு அறிவிக்கைகளை, சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் நிலம் எடுக்கத் தொடங்கியது தவறு என்று கூறி 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், நிலமெடுப்பின் முதல் அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற்றாக வேண்டும் என்பதில்லை, வேலை தொடங்கும் முன் பெற்றால் போதும் என்று கூறியது. அதே வேளையில் நிலம் அரசுக்கு வந்துவிட்டதுபோல் வருவாய்ப் பதிவேடுகளில் செய்யப்பட்ட பெயர் மாற்றங்கள் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. சட்டப்படி இது தெளிவான வரிசை. ஆனால் தடமும் சர்வே எண்களும் குறிக்கப்பட்டு, நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாத நிலைக்கு விவசாயி வந்தபின் தொடங்கும் சுற்றுச்சூழல் ஆய்வு, வேறு தடத்தைப் பரிந்துரைக்கும் துணிவை எங்கிருந்து பெறும் என்பதற்கு அந்த வரிசையில் விடை இல்லை.

படிக்க வேண்டியவர் யார்?

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். திண்டுக்கல் சமவெளிக்குச் சாலை தேவையில்லை என்று கூற எந்தக் கணக்கும் இல்லை. ஒட்டன்சத்திரத்துத் தக்காளியும் நிலக்கோட்டை மல்லிகையும் நேரத்தோடு போய்ச் சேர வேண்டியவை. ஆனால் வண்டிகளின் கணக்கும் தண்ணீரின் கணக்கும் ஒரே மேசையில், தடம் இன்னும் பென்சில் கோடாக இருக்கும்போதே, அடுத்தடுத்து வைக்கப்பட வேண்டும். தடத்தை அரை கி.மீ. நகர்த்துவதற்கு அந்த நாளில் ஆகும் செலவு ஒரு ரப்பர். கல் நட்டபின் ஆகும் செலவு ஒரு வழக்கு.

அந்த நாளில் கேட்பதற்குச் சட்டம் தந்துள்ள வாய்ப்புகள் குறுகியவை என்றாலும் உறுதியானவை. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3அ பிரிவின்கீழ் நிலமெடுப்பு அறிவிக்கை வெளியானதிலிருந்து 21 நாட்களுக்குள் நிலத்தில் உரிமையுள்ளவர் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் திட்டமானால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாட்களுக்கு முன் அறிவித்துக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் ஆட்சியர் அலுவலகம் உள்ளிட்ட இடங்களில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அந்தச் சுருக்கத்தைக் கையில் எடுப்பவர் கேட்க வேண்டியவை மிகச் சில: வண்டிகளை எந்த மாதத்தில் எண்ணினீர்கள்? கட்டணம் கட்டாத வண்டிகள் அதில் எத்தனை? எங்கள் குளத்து வரத்து வாய்க்காலில் சிறுபாலம் எங்கே, எந்த மட்டத்தில்? மண் எந்தக் குளத்திலிருந்து? வேறு எந்தத் தடங்களைப் பார்த்தீர்கள், ஏன் விட்டீர்கள்?

இவற்றுக்கு எழுத்தில் விடையில்லாத அறிக்கை, எத்தனை பக்கம் இருந்தாலும் முழுமையானது ஆகாது.